எந்த வயரைப் போட்டாலும் திரும்பி வரும் கிட்டார்

எலெக்ட்ரிக் கிட்டாருக்கு வயர் மாற்றும் வேலை, பின்மூடியைத் திருகி மூடும்வரை சரியாகத்தான் இருக்கும். இதை எழுதும்போதே எதையாவது மாற்றிச் சொல்லிவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது. நான் எட்டாம் வகுப்போடு நின்றவள். பீன்யா தொழிற்பேட்டையில் ஒரு ஸ்டெபிலைசர் கம்பெனியில் பதினாறு வருடம் சால்டரிங், அதாவது ஈயத்தை உருக்கி வயர் ஒட்டும் வேலை, செய்தேன். கம்பெனியை மூடிய பிறகு அடுகோடியில் ஒரு கிட்டார் ரிப்பேர் கடையில் வேலை கிடைத்தது. முதலாளி ஆல்பர்ட் என்னைவிட இளையவர். நான் வயர் போட்ட கிட்டார் நான்கு திரும்பி வந்தால் வேறு ஆள் பார்ப்பதாக முதல் நாளே சொல்லிவிட்டார். என் வயதுக்கு இனி எந்தக் கம்பெனியும் கூப்பிடாது. சால்டரிங் அயர்ன் பிடித்துப் பிழைக்கிறவர்களே, என் நிலைமை உங்களுக்குப் புரியும்.

சின்ன நம்பர்

கிட்டாருக்கு இருபத்திரண்டாம் நம்பர் வயர். கல்லூரி மாணவி ஒருத்தியின் கிட்டார் வந்த அன்று அது தீர்ந்துபோயிருந்தது. அலமாரியில் பதினெட்டும் இருபத்தாறும் இருந்தன. உள்ளே இடம் குறைச்சல், மெல்லியதாக இருக்கட்டும் என்று சின்ன நம்பரை எடுத்தேன். பீன்யாவில் வெட்டி வைத்த வயர்தான் கைக்கு வரும், நம்பரைப் பார்த்ததே இல்லை. நம்பர் குறைந்தால் வயர் பருக்கும் என்பது எனக்கு எப்படித் தெரியும்? தடிமனாகத்தான் தெரிந்தது. மேலுறை தடிமன் போலிருக்கிறது என்று கண்ணை விட்டுவிட்டு நம்பரை நம்பினேன்.

மூடி உட்காரவில்லை. அழுத்தித் திருகினேன். உள்ளே முறுக்கிக்கொண்டிருந்த வயர், ஒட்டிய இடத்தைப் பிய்த்துக்கொண்டது. அடுத்த வாரம் அந்தக் கல்லூரி மாணவி கிட்டாரோடு திரும்பி வந்து, மூடியைக் கழற்றிப் பார்த்துவிட்டுக் கேட்டாள்: "ஆன்ட்டி, இது என் கிட்டாரா, உங்க பழைய ஸ்டெபிலைசரா?"

ஒற்றைக் கம்பி

பல இழை வயரின் நுனி பிரிந்து பிரிந்து போகும். உள்ளே ஒரே கம்பி இருக்கும் வயரோ, வளைத்த இடத்தில் அடங்கி நிற்கும். சர்ச்சில் வாசிக்கும் ஸ்டீபனின் கிட்டாருக்கு அதைத்தான் போட்டேன். கோலம் போல இருந்தது. வால்யூம் குமிழ் தளர்ந்தால் உள்ளே வயர் ஒட்டிய பாகமும் சேர்ந்து திரும்பும், பல இழை அதைத் தாங்கும், ஒற்றைக் கம்பி ஒடிந்துவிடும் என்று பிறகு தெரிந்தது. ஞாயிறு ஆராதனை நடுவில் ஒடிந்தது.

ஸ்டீபன் கோபப்படவே இல்லை. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. "பாதிப் பாட்டுல நின்னுடுச்சுக்கா. பாஸ்டர் மௌன ஜெபம்னு நெனச்சு கண்ணை மூடிக்கிட்டாரு."

மேலே வலை போட்ட வயர்

மல்லேஸ்வரத்திலிருந்து ஒருவர், ஐடிக்காரர், கிட்டார் 'ஙொய்' என்று இரைகிறது என்றார். இரைச்சலைத் தடுக்க வயரைச் சுற்றி மெல்லிய செம்பு வலை பின்னிய ரகம் உண்டு. ஒரு இடத்தில் போட்டால் நல்லது என்றால் எல்லா இடத்திலும் போட்டால் இன்னும் நல்லதுதானே? போட்டேன். அத்தனை வலையில் ஒரே ஒரு இழை, கொண்டுபோகும் ஆட்டத்தில், ஒலி போகும் சிக்னல் முனையில் போய்ப் பட்டுவிட்டது. வலை எர்த்தோடு சேர்ந்தது, சிக்னலில் பட்டால் மொத்தமும் ஊமை.

கடையில் வாசித்துப் பார்த்தபோது பேசிய கிட்டார், அவர் வீட்டுக்குப் போய்ச் சேர்வதற்குள் வாயை மூடிக்கொண்டது. போன் செய்தார்: "இரைச்சல் பூரா போயிடுச்சு மேடம். பாட்டும் போயிடுச்சு."

கறுப்பு

ஆக மூன்று. நான்காவதில் தூங்காமல் கொள்ளாமல் கவனமாக இருந்தேன். பதினாறு வருடமும் கறுப்பு வயரை எர்த்தில் வைத்த கை, அந்த கிட்டாரிலும் அங்கேயே வைத்தது. தந்தியின் ஒலியை வாங்கும் பிக்கப் அதில் இரண்டு, ஒன்று பழையது, ஒன்று புதிது. தனித்தனியாக வாசித்தால் இரண்டும் அருமை. சேர்த்து வாசித்தால் மூக்கடைத்தவன் பாடுவதுபோல மெலிந்தது. நான் சேர்த்து வாசித்துப் பார்க்கவில்லை. ஆல்பர்ட் பார்த்தார். புதிதாக மாட்டிய பிக்கப்பில் கறுப்புதான் சிக்னலாம்; நான் தலைகீழாக ஒட்டியதால் இரண்டும் ஒன்றையொன்று அமுக்கியிருக்கின்றன.

"பீன்யால கறுப்புன்னா கறுப்புக்கா. இங்க கம்பெனிக்கு ஒரு கறுப்பு. இது வெளிய போயிருந்தா நாலு."

அன்றிலிருந்து நான் எந்த கிட்டாரின் மூடியையும் மூடுவதில்லை. கிட்டாருக்கு உரியவரை எதிரே உட்காரவைத்து, ஸ்விட்சை எல்லாப் பக்கமும் தள்ளி முழுப் பாட்டு வாசிக்கச் சொல்லி, "நல்லா இருக்கு" என்பதை என் போனில் பதிவுசெய்து, கடைசித் திருகை அவர் கையாலேயே போடவைக்கிறேன். எது சரியான வயர் என்று இன்றும் எனக்கு நிச்சயமில்லை. மூடியது யார் என்பது மட்டும் நிச்சயம்.