வீட்டுக்கு எடுத்து வைத்த எண்ணெய்

வீட்டில் என்ன எண்ணெய் என்று டாக்டரம்மா கேட்டபோது நான் தலையை நிமிர்த்திக்கொண்டுதான் பதில் சொன்னேன். தேங்காயெண்ணெய், கொப்பரையை நானே பொறுக்கி வாங்கி மில்லில் கொடுத்து ஆட்டுவது, கடையில் வாங்குகிற கலப்படம் இல்லை என்று. அதில் ஒரு சொல்லும் பொய்யில்லை. ஆனால் அவர் கேட்டதற்கு அது முழுப் பதிலும் இல்லை.

என் வீட்டுக்காரர் ஆஸ்பத்திரிக் கட்டிலில் சாய்ந்திருந்தார். முந்தின நாள்தான் நெஞ்சுவலி என்று கொண்டுவந்து சேர்த்திருந்தோம். அவர் என் முகத்தை ஒரு தடவை பார்த்தார். பிறகு சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

மலையாளக் கரையில், மட்டாஞ்சேரியில் நாலு சாயாக்கடைகளுக்கு வடையும், வாழைப்பழத்தை மாவில் தோய்த்துப் பொரிக்கிற பழம்பொரியும் போட்டுக் கொடுத்தவள் நான். முப்பது வருஷம். எனக்கென்று ஒரு கட்டுப்பாடு இருந்தது. கடைக்குப் போகிற பலகாரத்துக்குத் தினமும் புது எண்ணெய். நேற்றுக் காய்ந்ததில் இன்று ஒரு வடைகூடப் போடமாட்டேன். கடைக்காரர்கள் அதைச் சொல்லியே விற்பார்கள். "இது அக்காவோட வடையாக்கும், தைரியமா தின்னலாம்" என்று ஒருத்தர் சொல்வதை நானே ரோட்டில் நின்று கேட்டிருக்கிறேன். அன்றைக்கு வீடு வரும்வரை கால் தரையில் படவில்லை.

ஆனால் காய்ந்து கறுத்த எண்ணெயைக் கொட்ட மனசு வருமா? மெல்லிய துணியில் வடிகட்டித் தூக்குவாளியில் ஊற்றி வைப்பேன். அது வீட்டுக்கு. குழம்பு தாளிக்க, தோசைக்கு, மீன் வறுக்க எல்லாம் அதுதான். பழம்பொரி போட்ட எண்ணெயில் லேசாக இனிப்பு ஏறியிருக்கும். அதில் மத்தி வறுத்தால் தனி ருசி என்று அவர் இரண்டு துண்டு கூடக் கேட்பார். ஊராருக்கு நல்லதைக் கொடுத்துவிட்டு மிச்சத்தில் நாங்கள் சாப்பிடுகிறோம் என்பதில் எனக்குப் பெருமைதான் இருந்தது.

டாக்டரம்மா நிதானமாகச் சொன்னார். "தேங்காயெண்ணெய் குறைச்சுக்கோங்க அம்மச்சி. தவிட்டெண்ணெய், கடலையெண்ணெய், நல்லெண்ணெய்னு மாத்தி மாத்திச் சேருங்க. எதானாலும் அளவு கொஞ்சம் போதும். பொரிச்ச எண்ணெய மட்டும் திரும்பத் திரும்பச் சூடாக்கக் கூடாது, கேட்டோ? இருதயத்துக்கு ரொம்ப மோசம்."

அப்போதாவது வாயைத் திறந்திருக்கலாம். அந்த அறையில் இன்னும் இரண்டு நோயாளிகளும் அவர்கள் வீட்டுப் பெண்களும் இருந்தார்கள்.

"அந்தப் பழக்கமே எங்க வீட்டில கிடையாது டாக்டரே" என்றேன்.

வீட்டுக்கு வந்து இரண்டு நாள் கழித்து அவர்தான் பேச்செடுத்தார். "டாக்டர்கிட்ட என்னமாச் சொன்னே நீ. நானே நம்பிட்டேன்."

"நம்பாதவரு அங்கயே சொல்லியிருக்கணும்."

"எதுக்குடி? நாலு பேர் முன்னால என் பொண்டாட்டி கையை நானே குறை சொல்லவா?" என்று சிரித்தார். சிரித்தால் அப்போது அவருக்கு மூச்சு வாங்கும்.

அதோடு வடை போடுவதை விட்டேன். எண்ணெய் வாங்கக் கடைக்குப் போனால், அலமாரி நிறையப் பொட்டலங்கள். எனக்குத் தமிழே எழுத்துக்கூட்டித்தான் ஓடும். மலையாளம் பேச்சோடு சரி, கண்ணுக்கு ஓடாது. அதனால் இருதயப் படம் போட்டதாகப் பார்த்து ஒன்றை எடுத்தேன்.

கடைக்காரச் சேட்டன் கேட்டார், "அம்மச்சி, படத்தப் பாத்தா எண்ணெய் எடுக்கறது? இப்ப எல்லாத்திலயும் இருதயம் போட்டுத்தான் வருது. நாளைக்கு சோப்பிலயும் போடுவாங்க."

"அப்ப நீயே படிச்சுச் சொல்லு. உன் கடைக்கு வேற யார் வந்து படிப்பாங்க?"

அவர் பொறுமையாகப் படித்துச் சொன்னார். தவிட்டெண்ணெய் வாங்கினேன். அடுத்த தடவை கடலையெண்ணெய். கரண்டியால் ஊற்றியவள் சின்னக் கரண்டியால் அளந்து ஊற்றினேன். மீனை வறுக்காமல் வாழையிலையில் சுட்டுக் கொடுத்தேன். "மணமே இல்லயேடி" என்பார். ஆனாலும் மிச்சம் வைக்காமல் சாப்பிடுவார். ஒரு வருஷமும் சில மாதமும் இருந்தார். ஒரு நாள் காலையில் செருப்பு மாட்டக் குனிந்தவர் எழுந்திருக்கவில்லை.

எங்களுக்கு ஒரே மகள். இடக்கொச்சியில் கட்டிக் கொடுத்திருக்கிறோம். வீட்டிலேயே பிறந்தநாள் கேக் செய்து கொடுப்பாள். ஓவன் வாங்கி, படம் எடுத்துப் போனில் போட்டு, நல்ல பெயர் எடுத்திருந்தாள். கேக்கை வட்டமாக வெட்டும்போது விழுகிற ஓரங்களை டப்பாவில் போட்டு ஞாயிறுதோறும் அப்பாவுக்குக் கொண்டுவருவாள். ஆரம்பத்தில் டால்டாவில்தான் செய்தாள். அப்பாவுக்கு முடியாமல் போனதும் வாசனையில்லாத எண்ணெய்க்கு மாறிவிட்டாள்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து எல்லோரும் போன பிறகு அடுப்படியில் உட்கார்ந்துகொண்டு சொன்னாள், "அம்மே, நாந்தான் அப்பாவக் கொன்னுட்டேன். அத்தன வருஷம் டால்டாவக் கொடுத்திருக்கேன். அது ரத்தக் குழாய அடைக்கும்னு போன்ல போட்டிருக்கு."

"போடி பைத்தியம். அவரு விதி" என்றேன். அதற்கு மேல் ஒரு வார்த்தை எனக்கு வரவில்லை. வரவில்லை என்பதும் சரியில்லை. வந்ததை விழுங்கினேன்.

ஊர் மெச்சிய கை என்கிற ஒன்றைத் தவிர என்னிடம் வேறு என்ன இருந்தது? அதை மகள் முன்னால் கீழே போட மனசு இடம் கொடுக்கவில்லை. ஆறு மாதம் அப்படியே ஓடியது. ஒரு நாள் மருமகன் போனில் பேசினார். "அத்தை, அவ ஓவன்மேல துணி போட்டு மூடிட்டா. கேக் கேட்டு வர்றவங்கள எல்லாம் இல்லன்னு அனுப்பறா. எங்க கொச்சுக் குழந்தை பிறந்தநாளுக்குக்கூடச் செய்யல. நீங்க வந்து சொன்னாக் கேப்பா."

மறுநாள் பஸ் பிடித்துப் போனேன். அவள் கப்பைக்கிழங்கின் தோலை உரித்துக்கொண்டிருந்தாள். நான் எதிரே உட்கார்ந்து, பழக்கத்தில் ஒரு துண்டை எடுத்து நறுக்கப்போய், கீழே வைத்துவிட்டேன்.

"உன் கேக்கு வாரத்துக்கு ரெண்டு துண்டு. நான் ஊத்தினது தினம் மூணு வேளை" என்றேன்.

அவளுக்குப் புரியவில்லை. வடிகட்டி வைத்ததை, டாக்டரம்மா கேட்டதை, நான் சொன்ன பதிலை, எல்லாவற்றையும் சொன்னேன். அப்பா பீடி குடித்ததையும் சொன்னேன். எதால் போனார் என்று எந்த டாக்டரும் ஒன்றைக் காட்டிச் சொல்ல முடியாது, ஆனால் பழி என்று ஒன்று இருந்தால் உன் பக்கம் வர அதற்கு வழியில்லை என்றேன்.

அவள் கத்தியைக் கீழே வைத்தாள். "டாக்டர் கேட்டும் சொல்லலியா?"

"சொல்லல."

"அப்பா?"

"பக்கத்திலதான் இருந்தாரு. அவரும் சொல்லல. எனக்காக."

"எனக்கும் அதத்தானே ஊத்தினே" என்றாள்.

"ஆமா."

"ரோட்டில போறவனுக்குப் புதுசு. எங்களுக்கு அது." குரலை உயர்த்தவேயில்லை. உயர்த்தியிருந்தால் நானும் இரண்டு வார்த்தை பேசியிருப்பேன். கொட்டினால் கட்டுப்படியாகாது, அந்த வடையில்தான் உன்னைப் படிக்கவைத்தேன் என்று சொல்லியிருப்பேன். அவள் மறுபடி கத்தியை எடுத்து மிச்சத்தையும் உரித்தாள். நான் பஸ்ஸுக்குக் கிளம்பினேன். வாசல்வரை வந்தாள்.

அடுத்த மாதமே ஓவனைத் திறந்துவிட்டாள் என்று மருமகன் சொன்னார். கொச்சுவுக்கும் ஒரு கேக் செய்தாளாம். படம் வந்தது, பார்த்தேன். நான் போன வேலை நடந்தது.

ஞாயிற்றுக்கிழமை இப்போதும் வருகிறாள். எனக்கு மாத்திரை எடுத்து வைக்கிறாள், துணி மடிக்கிறாள், அப்பா படத்தைத் துடைக்கிறாள். சாப்பிடக் கூப்பிட்டால் வீட்டிலேயே சாப்பிட்டாயிற்று என்கிறாள். போன ஞாயிறு மத்தி வாங்கி, குறைந்த எண்ணெயில் வறுத்துத் தட்டில் வைத்தேன். "புது எண்ணெய்தான்டி. உன் முன்னாலதான பொட்டலத்த வெட்டினேன்" என்றேன்.

"தெரியும்மா" என்றாள். தட்டை என் பக்கமாக மெல்ல நகர்த்தினாள். "நீ சாப்பிடு. எனக்குப் பசிக்கல."