ஒரு சட்டையின் பின்னால் இரண்டு நாள்

ஆறாம் வகுப்பைப் பாதியில் விட்டவன் நான். கம்மாபுரம் பக்கம் கூலிக்குக் களையெடுத்த வீட்டுப் பிள்ளை. இன்று நெய்வேலி நகரியத்தில், சுரங்க வேலைக்கு வந்து தனியாகத் தங்கியிருப்பவர்களின் விடுதிச் சலவை முழுவதும் என் கொட்டகைக்குத்தான் வருகிறது. தானாக வந்ததென்று யாரும் நினைக்க வேண்டாம்.

ஒரு சமயம் அது கைநழுவிப் போக இருந்தது. சுரங்கத்துச் சீருடை எல்லாம் ஒரே நிறம், ஒரே கரிப்புழுதி. காலருக்குள் அறை எண்ணை அழியாத மையில் எழுதியும் சட்டைகள் ஆள்மாறிப் போய்க்கொண்டே இருந்தன. இது என்னுடையதில்லை என்று திரும்பி வந்தவற்றைப் போட ஒரு கூடையே வைத்திருந்தேன். ஒருநாள் விடுதி வார்டன் அந்தக் கூடையைக் காலால் தள்ளிக்கொண்டே சொன்னார்:

"பெரியவரே, ஒல்லிப் பையனுக்குக் கூடாரம் மாதிரி பேண்ட்டு வந்திருக்கு. இடுப்பைக் கையில புடிச்சிகினு ஷிப்டுக்குப் போயிருக்கான். ஒரு மாசம் பாப்பேன். அதுக்கும் மேல இந்தக் கூடை ரொம்பினா, பண்ருட்டி லாண்டரிக்காரருக்குக் குடுத்துடுவேங்க."

விடுதி போனால் என்னிடம் வேலை செய்த ஏழு பேருக்கும் வேலை போகும். புது மிஷின் வாங்கு என்றார்கள், ஆளை மாற்று என்றார்கள். நான் எதையும் தொடவில்லை. முதலில் பார்க்கணும். ஒரு ஸ்டூலை எடுத்துக்கொண்டு ஒரே ஒரு சட்டையின் பின்னால் இரண்டு நாள் போனேன். ஊறப்போட்ட இடத்தில் உட்கார்ந்தேன், கொடிக்கடியில் உட்கார்ந்தேன்.

இஸ்திரி போடும் அம்மா விடவில்லை. "இன்னா மொதலாளி, சட்டை ஓடிப்பூடும்னு காவலா?"

"ஓடுதா இல்லியான்னு பாக்கத்தான் ஒக்காந்துகினு இருக்கேன்."

கொட்டகையில் ஒரு தப்பும் இல்லை. விடுதி வாசலில்தான் ஓடியது! சட்டைக்காரர் ஷிப்டுக்குப் போயிருந்தார், அறை பூட்டிக் கிடந்தது. எங்கள் ஆள் பக்கத்து அறையில் கொடுத்துவிட்டு வந்தான். மறுநாள் பக்கத்து அறைக்காரர் அதை மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

அடுத்து, சிமெண்டுத் தரையில் சாக்பீஸால் சட்டை போகும் வழியை வரைந்தேன். அவரவர் இடத்தில் அவரவரை நிற்க வைத்துப் பேசினோம். முடிவு இது: துணி வாங்கும்போதே எந்த ஷிப்டு என்று கேட்டு, பொத்தான் ஓட்டையில் கலர் நூல் கட்டுவது. முதல் ஷிப்டுக்குச் சிவப்பு, இரண்டாவதுக்குப் பச்சை, நைட்டுக்கு நீலம். அந்த ஷிப்டுக்காரர்கள் அறையில் இருக்கும் நேரத்தில் போய்க் கையில்தான் கொடுப்பது.

மொத்த விடுதிக்கும் போட்டுவிடலாம் என்று எல்லோரும் குதித்தார்கள். நான் சம்மதிக்கவில்லை. கீழ்த்தளம் மட்டும் என்றேன்.

முதல் நாலு நாள் தங்கம். ஐந்தாம் நாள் போனால், சிவப்பு நூல் அறைகள் எல்லாம் பூட்டு! மூட்டை அப்படியே திரும்பி வந்தது. இஸ்திரி அம்மாவுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அவர் வீட்டுக்காரர் சுரங்கத்தில் கான்ட்ராக்ட் ஆள்.

"ஷிப்டு மாறிடுச்சில்ல மொதலாளி! எம்மா நாளா இந்த ஊர்ல கெடக்கறீங்க? வாங்குற நாளு ஷிப்டுக்கா நூலு கட்டுவாங்க? குடுக்குற நாளு எந்த ஷிப்டோ அதுக்கில்ல கட்டணும்."

நெய்வேலியில் முடி நரைத்த எனக்கு அது தோன்றவில்லை. கண்டுபிடித்தது அந்த அம்மாதான், மறைக்க மாட்டேன். ஆனால் அந்தத் தப்பைக் கீழ்த்தளத்தோடு நிறுத்தி வைத்தது யார்? நான். அன்றிலிருந்து நூல் கட்டும் பொறுப்பை அவரிடமே கொடுத்தேன். இரண்டு வாரம் ஒரு சட்டைகூடத் தவறவில்லை. பிறகுதான் மாடிக்கு ஏறினோம்.

சென்னையில் இருக்கும் என் மருமகன், இதையே பெரிய கம்பெனிகளில் ரூம் போட்டு, கட்டம் கட்டமாக எழுதிச் செய்வார்கள் என்கிறார். செய்யட்டும். எனக்கு ஒரு சாக்பீஸ் போதுமாக இருந்தது.

மாதக் கடைசியில் வார்டன் வந்தார். நேராகக் கூடைக்குப் போனார். உள்ளே ஒரு சாப்பாட்டுத் தூக்கு மட்டும் இருந்தது.

"இது எந்த ரூமுக்கு?"

"அது என்னுதுங்க சார்," என்றார் இஸ்திரி அம்மா. "நூலு கட்டல. மத்தியானம் நானே காலி பண்ணிடுவேன்."

வார்டன் சிரித்துவிட்டார். பக்கத்து விடுதியையும் என்னையே எடுத்துக்கொள்ளச் சொன்னார். மறுநாளே ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு அங்கே போனேன். அங்கேயும் கீழ்த்தளத்தில்தான் ஆரம்பித்தேன்.