பெருங்களத்தூரில் ஒரு நாற்காலி தாய்ச்சி வகுப்பு

பெருங்களத்தூரில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் கீழ்த்தளக் கூடத்தில் பார்க்கின்சன் நோயாளிகளுக்கு வகுப்பு தொடங்கினேன். முதல் நாளே கனகா அம்மா தன் கணவரைத் திரும்பக் கூட்டிக்கொண்டு போகக் கிளம்பிவிட்டார்.

"ஒக்காந்துகினு கைய ஆட்டினா நடுக்கம் போயிடுமா டாக்டரம்மா?"

நான் டாக்டர் இல்லை, பிசியோதெரபிஸ்ட். அதைச் சொல்லிவிட்டு, "நோய் போகாதும்மா. உடம்போட இறுக்கம் கொஞ்சம் தளரும். ஒரு மாசம் வந்து பாருங்க" என்றேன்.

தாய்ச்சி சீனாவிலிருந்து வந்தது. மூச்சோடு சேர்த்து கை கால்களை மிக மெதுவாக நகர்த்த வேண்டும். நிற்கத் தடுமாறுபவர்களுக்கு அதையே கைப்பிடி வைத்த நாற்காலியில் உட்காரவைத்துச் சொல்லித்தருவோம்.

கணவர் ஏழுமலை பீர்க்கன்கரணைக்காரர். ஜிஎஸ்டி ரோட்டில் ஹார்டுவேர் கடை நடத்தியவர். நோய் வந்தபின் முகத்தில் அசைவு போய், குரலும் தேய்ந்துவிட்டது. அவரிடம் எது கேட்டாலும் அம்மாதான் பதில் சொல்வார். சட்டைக்குப் பட்டன் போட்டுவிடுவதும் சோறு ஊட்டுவதும் அம்மாவே. ஒருமுறை பாத்ரூமில் விழுந்தவரைத் தூக்கப்போய் அம்மாவுக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. அதிலிருந்து அவரைத் தனியாக எழுந்திருக்க விடுவதே இல்லை.

"நானும் வுழுந்துட்டேன்னா ரெண்டு பேரையும் யாரு பாக்குறது?" என்றார். மகன் வெளியூரில்.

சில வாரம் கழித்து, துணைக்கு வந்தவர்களையும் நோயாளிகளுக்கு எதிரே உட்காரவைத்தேன். இருவரும் ஒரே வேகத்தில் கைகளை வலமும் இடமும் கொண்டுபோக வேண்டும். ஏழுமலை பாதி தூரம் வருவதற்குள் அம்மா முடித்துவிட்டார். மறுபடியும் அதேதான்.

"மெதுவா" என்று ஒரு குரல். அவர் பேசி நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

"இன்னாய்யா சொன்ன?"

"மெதுவா, கனகா. நீ எப்பவும் ஓடிகினே கீற. என்னால புடிக்க முடியல."

அம்மா கைகளை மடியில் போட்டுக்கொண்டார். கோபத்தில் எழுந்து போய்விடுவார் என்றே நினைத்தேன். ஆனால் கணவர் முகத்தைப் பார்த்தபடி திரும்பவும் கைகளைத் தூக்கினார்.

"சரி, நீ போ. நா பின்னாடி வரேன்."

அடுத்து எழுந்து நிற்கும் பயிற்சி. காலைப் பின்னுக்கு இழுத்து, பாதத்தை ஊன்றி, முன்னால் நன்றாகச் சாய்ந்து எழ வேண்டும். மாத்திரை நன்றாக வேலை செய்யும் நேரத்தில்தான் இதைச் செய்யவைப்போம். ஒருநாள் வகுப்பு முடிந்ததும் அம்மா வழக்கம்போல அவர் அக்குளுக்குள் கையைக் கொடுத்தார். அவர் தலையசைத்து வேண்டாம் என்றார். அம்மா என்னைப் பார்த்தார். நான் பக்கத்தில் போய் நின்றுகொண்டேன். முதல் முயற்சியில் பொத்தென்று உட்கார்ந்துவிட்டார். அம்மாவின் கை பாதி வரை போய்த் தானாகத் திரும்பியது. இரண்டாவது முயற்சியில் எழுந்தார். கொஞ்சம் ஆடினார், விழவில்லை.

"வூட்லயும் இப்டி எந்திரிப்பியா?" என்று அம்மா கேட்டார்.

"நீ அவசரப்படுத்தாம இருந்தா" என்றார் அவர்.

நோய் அதன் வழியில் போய்க்கொண்டுதான் இருக்கிறது. மாத்திரையின் வேகம் இறங்கிய நேரத்தில் இன்றும் அம்மாதான் தூக்கிவிடுகிறார். மற்ற நேரங்களில் பக்கத்தில் நின்று காத்திருக்கிறார்.

இந்த வேலைக்கு வரும் இளைய பிசியோக்களுக்கு நான் சொல்வது இதுதான். நோயாளியிடம் கேட்ட கேள்விக்கு நோயாளியே பதில் சொல்லும்வரை பொறுத்திருங்கள். கூட வந்தவரை வெளியே பெஞ்சில் உட்காரவைக்காமல், உள்ளே ஒரு நாற்காலி போட்டுக் கொடுங்கள்.