மாயக்காள் எழுந்து போன நேரம்

கொடைக்கானல் பஜாரில் காப்பிக்கடை வைத்திருந்த நான் எத்தனையோ அநியாயத்தைப் பார்த்தவன். ஆனால் மாயக்காள் அன்றைக்குச் செய்தது இன்னும் என் நெஞ்சை விட்டுப் போகவில்லை. வேறு யார் செய்திருந்தாலும் திட்டிவிட்டு மறந்திருப்பேன்.

அவள் என்னை முதலில் திகைக்க வைத்தது ஐம்பத்தெட்டாம் வருஷத்தில். தாண்டிக்குடிக்குக் கீழே காட்டில் இருக்கிற பளியர் சனம் மலைத்தேன் எடுத்தால், காட்டை ஏலம் எடுத்த குத்தகைக்காரரிடம்தான் கொடுக்கும். அவர் அளந்து போடுகிற அரிசியை வாய் பேசாமல் வாங்கிக்கொண்டு போகும். அந்தச் சனத்தில் பிறந்த பெண் ஒருநாள் தேன் தகரத்தோடு என் கடை வாசலில் நின்று, "சாமி, வெறும் போத்தல் இருந்தாக் குடுங்க" என்றாள்.

"எதுக்கு?"

"பங்களா வீட்டுக்கெல்லாம் நானே கொண்டுபோயி விக்கப்போறேன்."

குத்தகைக்காரர் சும்மா விடுவாரா? பஜாரில் நின்று கத்தினார். இவளும் பதிலுக்குக் கத்தினாள். கடைசியில் தொண்டை கட்டியது அவருக்குத்தான்.

நாலைந்து வருஷத்தில் என் கடைக்குப் பக்கத்திலேயே ஒரு சின்ன இடம் பிடித்துவிட்டாள். கூரை முட்டப் பலகை அடித்து, பலகை நிறையத் தேன் போத்தல். சீசனுக்கு வருகிறவர்களிடம் பேசி விற்க அவளுடைய தம்பி மாயன். என்னைச் 'சாமி' என்பதை விட்டுவிட்டு 'அண்ணே' என்று கூப்பிட ஆரம்பித்தாள். எனக்குக் கொஞ்சம் சுருக்கென்றுதான் இருந்தது, பொய் சொல்வானேன்.

தேன் எடுப்பவன் அவள் புருஷன் நாகன். பாறைத்தேனுக்குக் கீழேயிருந்து ஏற முடியாது. உச்சியில் மரத்தில் காட்டுக்கொடியைக் கட்டி, அதைப் பிடித்துக்கொண்டு இறங்கவேண்டும். மேலே கொடிக்குக் காவல் இருப்பவன் மச்சினனாகத்தான் இருப்பான், அதாவது பெண்டாட்டியின் உடன்பிறந்தவன். சொந்தத் தம்பியை உட்கார வைக்க மாட்டார்கள். அண்ணன் போனால் தம்பிக்கு லாபம் இருக்கலாம். மச்சினன் அசந்தால் அறுத்துப்போடுவது அவன் அக்காள் தாலியை அல்லவா? இறங்கினவன் மேலே வந்து சேரும்வரை காவல்காரன் எழுந்திருக்கக் கூடாது. மழை வந்தாலும் சரி, வீட்டில் சாவு என்று சேதி வந்தாலும் சரி.

அறுபத்துமூன்று சீசனில் பெரிய ஓட்டல் ஒன்று வருஷம் பூராவும் தேன் வேண்டும் என்றது. சாமான் வாங்கிப்போடும் சேனாதிபதி என்பவர், பாகு கலக்காத தேன்தானா என்று எடுக்கிற இடத்திலேயே பார்க்கணும் என்றார். மாயனால் கடையை விட்டு வர முடியாது. கொடிக்கு யார்?

"நானே உக்கார்றேன்" என்றாள் மாயக்காள்.

அவள் சனமே பதறிவிட்டது. பொம்பளை கொடியைத் தொடுவதா! "அவரு விழுந்தா மொதல்ல அழப்போறது நான்தானே? என்னைவிடக் காவல் உண்டா?" என்று கேட்டாள். நாகன் மட்டும் சிரித்தான். "இவ இருந்தா நான் கண்ண மூடிக்கிட்டு எறங்குவேன்."

சேனாதிபதிக்கு வழி தெரியாது என்று நானும் கூடப் போனேன். ஜீப் நின்ற இடத்திலிருந்து மலையேற்றம். மூச்சு வாங்க வாங்க மனுஷன் பிரசங்கம் பண்ணிக்கொண்டே வந்தார். நாங்கள் உச்சிக்குப் போனபோது நாகன் இறங்கியிருந்தான். மாயக்காள் கொடியில் கை வைத்து உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில், தேனீயை விரட்ட நாகன் கொண்டுபோன பந்தத்தில் புகை தீர்ந்தால் இறக்கிக் கொடுக்க இன்னொரு பந்தம் தயாராக இருந்தது.

சேனாதிபதிக்குத் தேனீ என்றால் பயம். தூரத்து மரத்தடியிலேயே நின்றுகொண்டார். "தேன் இருக்கட்டும்மா. நான் வெரசாப் போகணும், பண்ணைக்காட்டுல இன்னொரு ஆளு காத்துக்கிட்டிருக்கான். இப்பவே பேசி முடிச்சா உண்டு. தொழில்ங்கிறது மலை ஏறுறது மாதிரி. மேல ஏறுறவ கீழ பாக்கவே கூடாது!"

அவள் கொடியைப் பார்த்தாள். அவரைப் பார்த்தாள். எழுந்து வந்துவிட்டாள்.

"ஏத்தா, கொடி!" என்று கத்தினேன்.

"மரத்துல கட்டித்தானே கெடக்குண்ணே, எங்க போயிரும்?"

அவள் வாயிலிருந்தா இந்தச் சொல்! அவர்கள் கொடியை அந்நியன் நான் தொடலாமா என்று தயங்கி நின்றுவிட்டேன். அவர்கள் போத்தல் அளவு, கார்க்கு, வாரத்துக்கு எத்தனை என்று பேசிக்கொண்டே இருந்தார்கள். காற்று எதிர்ப்பக்கமாக அடித்தது. நாகன் பந்தம் கேட்டுக் கூப்பிட்டது எங்கள் யார் காதிலும் விழவில்லை.

பாறை விளிம்பில் முதலில் இரண்டு கை தெரிந்தது. அப்புறம் ஒரு முகம். அது நாகன் முகம் என்று எனக்குத் தெரியவே இல்லை. பந்தம் அணைந்ததும் தேனீ மொய்த்துக் கொட்டியிருக்கிறது. கண் இரண்டும் வீங்கி மூடிவிட்டன. கண் தெரியாமலேயே ஏறி வந்திருக்கிறான்.

அடிக்கப் போகிறான் என்று நினைத்தேன். அடித்திருந்தால் தேவலை. அவன் தவழ்ந்து வந்து, காவல் இருக்கிற இடத்தைக் கையால் துழாவினான்.

"புள்ள... புள்ள... எங்க கெடக்க? கூப்புட்டுக் கூப்புட்டுப் பாத்தேன், கொரலே இல்ல. ஒன்னயப் பாம்பு கீம்பு தொட்டுருச்சோன்னு ஈரக்கொலையே நடுங்கிப்போச்சு."

அவள் எழுந்து போயிருப்பாள் என்று அவனுக்குத் தோன்றவே இல்லை. மாயக்காள் நின்ற இடத்திலேயே உட்கார்ந்துவிட்டாள்.

ஓட்டல் வியாபாரம் கிடைத்தது. கடை பெருகியது. நாகனுக்குக் கண் திறந்தது. ஆனால் அவன் அப்புறம் பாறையில் இறங்கவில்லை. மாயக்காள் மற்றவர்கள் எடுத்த தேனை வாங்கி விற்றாள். அவளை ஒரு சொல் கேட்டவனில்லை அவன். கடை மூலையில் உட்கார்ந்திருப்பான்.

இரண்டு வருஷம் கழித்து ஒரு மே மாசம், கடையில் கூட்டம் நெரிந்தது. உச்சிப் பலகையில் போத்தல் எடுக்க மாயக்காள் ஏணியில் ஏறினாள். நாகன் எழுந்து வந்து ஏணியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான். வாசலில் ஒருத்தர், "ஏம்ப்பா, ரெண்டு போத்தல்!" என்று கத்தினார். நாகன் திரும்பவில்லை. அவர் திட்டிக்கொண்டே அடுத்த கடைக்குப் போனார்.

"போயிக் குடுய்யா," என்றாள் மாயக்காள் மேலேயிருந்து, எரிச்சலாக. "ஏணி செவுத்துல சாஞ்சுதானே கெடக்கு, எங்க..."

அண்ணாந்து பார்த்தேன். போத்தலை மார்போடு அணைத்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தாள்.

"நீ பையப் பாத்து எறங்கு புள்ள" என்றான் நாகன். அவள் கால் தரையில் படும்வரை அவன் கையை எடுக்கவில்லை.