முனீப் தட்டிய இரண்டு தட்டு

கிண்ணியாவில் குழாய்க் கிணறு துளைப்போரின் வரலாறு என்றாவது எழுதப்படுமானால், முனீபின் வலது கைக்கு அதில் தனி அத்தியாயம் ஒதுக்க வேண்டிவரும். எஞ்சின் இரைச்சலில் வாயால் கதைக்க ஏலாது. எல்லாம் ஸ்பானரால் குழாயில் தட்டித்தான். ஒரு தட்டு என்றால் நிறுத்து. மூன்று என்றால் தூக்கு. எஞ்சின் ஓய்ந்ததும் விழும் இரண்டு தட்டு தேத்தண்ணிக்கு. அந்த இரண்டையும் தட்டும் உரிமை முனீபுக்கே உரியது. வேறு யாரும் தட்டினால் அவர் குடிக்கவே மாட்டார்.

றஹ்மா ராத்தாவின் வீட்டு வளவில் துளைக்கும்போதுதான் பொறியியலாளர் லக்சாயினி புதுக் கருவியோடு வந்தார். துளையின் அடியில் அது தண்ணீரைச் சோதித்து, விடையைச் சத்த அதிர்வாகக் குழாய் வழியே மேலே அனுப்பும். மேலே குழாயைக் கவ்வியிருக்கும் பெட்டி அதைக் கேட்டு விளக்கெரிக்கும். இரண்டு அதிர்வென்றால் நல்ல தண்ணீர், பச்சை. நீண்ட ஒற்றை அதிர்வென்றால் உப்பு, சிவப்பு. பெட்டி கேட்கும் நேரம் குழாயில் ஒருவரும் கை வைக்கக் கூடாது என்று அவர் படித்துப் படித்துச் சொன்னார். எல்லோருக்கும் முதல் தலையாட்டியவர் முனீப்.

எஞ்சின் நின்றது. தலை ஆட்டியது கைக்குத் தெரியவில்லை. டொக், டொக்.

பச்சை எரிந்தது.

பள்ளிவாசல் குழாயடியிலிருந்து சைக்கிளில் தண்ணீர் சுமந்து அலுத்துப்போன றஹ்மா அழுதேவிட்டார். இனித் தெருவே தன் வளவில் அள்ளலாம் என்று ஆளனுப்பினார். காலையிலேயே அவித்து வைத்திருந்த வட்டிலப்பத்தில் பெரிய துண்டு முனீபுக்கு வந்தது. அதை விழுங்க அவர் பட்ட பாட்டைக் கருங்கல்லைத் துளைக்கவும் பட்டதில்லை.

காப்புக் குழாயை இறக்கிவிட்டால் கருவியை மறுபடி கேட்க வழியில்லை. ஆட்கள் அந்தக் குழாயை உருட்டிக்கொண்டு வந்தார்கள். முனீப் வட்டிலப்பப் பீங்கானைக் கீழே வைத்தார்.

"ராத்தா, பெட்டி கேட்டது தண்ணிய இல்ல. நான் தேத்தண்ணிக்குத் தட்டினத."

லக்சாயினி எல்லோரையும் விலக்கி, கருவியை மறுபடி கேட்டார். முனீப் வலது கையை இடது கையால் இறுக்கிப் பிடித்தபடி, தன்னை ஒரு பொய்யனாக்கிவிடும்படி அல்லாஹ்விடம் துஆக் கேட்டார்.

சிவப்பு எரிந்தது.

ஏச்சுக்குத் தலையைக் குனிந்து நின்றார், ஏச்சு வரவில்லை. றஹ்மா வாசற் படலையைப் பார்த்தபடி நின்றார். அங்கே குடங்களோடு பெண்கள் வரத் தொடங்கியிருந்தார்கள்.

"நீங்களே சொல்லுங்க தம்பி. என்னால ஏலாது."

முனீப் படலைக்கு நடந்தார். வரிசையின் தலைப்பில், வீட்டிலிருந்த பெரிய குடத்தோடு அவருடைய மனைவி ரிஸ்னா நின்றார். புருஷன் துளைத்த கிணறு என்று மற்றப் பெண்கள் அவரை முன்னுக்கு விட்டிருந்தார்கள்.