கம்பளி சேஷகிரி

சனிக்கிழமை சாயங்காலம் ஆபீசிலிருந்து வந்ததும் சேஷகிரி செய்கிற முதல் காரியம் மோந்து பார்ப்பது. கூடத்தில் பழைய வேட்டியை விரித்து மலைப்பையைக் கவிழ்ப்பார். கயிறு, டார்ச், தண்ணீர்க் குப்பி, டிஞ்சர் புட்டி, சித்ரதுர்க்கத்துக் கம்பளி. ஒவ்வொன்றாக மூக்கருகே கொண்டுபோய்க் கண்ணை மூடிக்கொள்வார். கம்பளிக்கு மட்டும் நேரம் அதிகம். மூலை மூலையாக மோந்தாக வேண்டும். ஊதுவத்தியோ தலைத்தைலமோ தாளித்த நெடியோ துளி ஒட்டியிருந்தாலும் கொல்லைக் கொடியில் போட்டு, போகும்வரை அடிப்பார். பக்கத்து வீட்டில் இதைப் பார்த்துச் சிரிப்பார்கள். மனைவியை இழந்து தனியாக இருக்கிற மனுஷன், ஏதோ பிடித்திருக்கிறது என்று விட்டுவிடுவார்கள்.

சாமராஜப்பேட்டைவாசி, ரெவின்யூ இலாகாவில் குமாஸ்தா. ஞாயிற்றுக்கிழமைகளில் ராமநகரத்துப் பக்கத்துப் பாறைகளில் ஏறுவார். அந்தப் பாறைகளின் நெற்றியில் கறுப்புச் சாக்குகள் மாதிரி மலைத்தேனீ அடைகள் தொங்கும். வாசனை பட்டாலும் புகை பட்டாலும் கூட்டமாக இறங்கிவிடும். அதனால் அவரோடு வருகிறவர்களுக்குச் சில சட்டங்கள் உண்டு. பூ கூடாது, தைலம் கூடாது, பீடி கூடாது. ஆளுக்கொரு கம்பளி கட்டாயம். தேனீ வந்தால் முழுக்கப் போர்த்திக்கொண்டு அசையாமல் படுக்க வேண்டும். புதிதாகச் சேருகிறவரிடம் இருதயம் எப்படி, இரைப்பு உண்டா, தலை சுற்றுமா என்றெல்லாம் டாக்டர்போலக் கேட்பார். ஆபீசில் அவருக்கு முதுகுக்குப் பின்னால் கம்பளி சேஷகிரி என்று பெயர். முகத்துக்கு நேரே அப்படிக் கூப்பிடுகிறவர் சந்தானம் ஒருவர்தான்.

சந்தானம் அதே செக்ஷன், பக்கத்து மேஜை. பருத்த உடம்பு, பெரிய குரல். சேரும்போது சேஷகிரி கேட்டதற்கெல்லாம், "எனக்கு ஒரு வியாதியும் கிடையாது ஓய்," என்றவர். மலைக்குப் போகிற ஒவ்வொரு தடவையும் அவருடைய மனைவி அலர்மேல்மங்கை வாசற்படிவரை வந்து, "உங்களை நம்பித்தான் அனுப்பறேன்," என்பாள். "பத்திரமா கொண்டுவந்து விட்டுடறேம்மா," என்பார் சேஷகிரி, இரவல் வாங்கின பாத்திரத்தைப் பற்றிச் சொல்வதுபோல. விளையாட்டாகச் சொன்னதில்லை. வீட்டில் காத்திருக்க ஆளில்லாதவருக்கு, காத்திருக்கிறவர்களிடம் ஆளைத் திருப்பிக் கொடுப்பது பெரிய காரியமாக இருந்தது.

ஐம்பத்தெட்டாம் வருஷம், மாசி வெயில் ஆரம்பித்த ஒரு ஞாயிற்றுக்கிழமை. மூன்றாவது ஆளாக பிரேசர் டவுன் சிரில் வந்திருந்தான். தபாலாபீசில் வேலை, எதற்கும் சிரிப்பவன். மைசூர் பாசஞ்சரில் உட்கார்ந்ததும் சேஷகிரி வழக்கப்படி சந்தானத்திடம் கையை நீட்டினார்.

"பையைக் காட்டும்."

"ஓய் கம்பளி, சுங்கச்சாவடிக்கு மாத்தல் வாங்கிண்டுட்டீரா? என் ஆத்துக்காரிகூட இப்படிக் குடையமாட்டா."

"உடுங்க சார், பாவம்," என்றான் சிரில். "உள்ளாற வீட்டம்மா போட்டோ வெச்சிருப்பாரு."

ரயில் பெட்டியே சிரித்தது. சேஷகிரி நீட்டிய கையை இழுத்துக்கொண்டார்.

பாதி மலையில் ஒரு பாறைத்தட்டில் உட்கார்ந்தார்கள். சிரில் பிளாஸ்க்கைத் திறந்தான்.

"காப்பி சார். என் வீட்டுக்காரி பியாட்ரிஸ் விடியறதுக்கு முன்னாடியே எழுந்து போட்டுக் குடுத்தா. இன்னும் சூடு ஆறல."

"சிக்கரி எனக்கு ஒத்துக்காதுப்பா," என்றார் சந்தானம்.

"சிக்கரியே போடல சார்."

கிறிஸ்தவர் வீட்டுக் காப்பி என்பதுதான் விஷயம், மூவருக்கும் தெரியும். சேஷகிரியும் கை நீட்டவில்லை. சிரில் மூடியில் ஊற்றி, பள்ளத்தாக்கைப் பார்த்துத் திரும்பிக்கொண்டு குடித்தான்.

சந்தானம் தன் பையிலிருந்து சின்ன ஸ்டவ் ஒன்றை எடுத்தார். பிறகு டபரா, டிகாக்‌ஷன் புட்டி, பால். பை சப்பென்று சரிந்தது.

"கூடாது, சந்தானம்."

"அடையெல்லாம் அந்தண்டை. காத்து அங்கேயிருந்து இங்கே வீசறது. தலை வெடிக்கிறது ஓய், ஒரு வாய் காப்பிக்குச் சாகணுமா?"

சேஷகிரிக்கு வாய்வரை வந்தது. மறுபடியும் கூடாது என்று சொன்னால், பிளாஸ்க்கில் காப்பி இருக்கிறதே என்றும் சொல்ல வேண்டும். அதைச் சொல்ல, முதலில் அவர் வாங்கிக் குடிக்க வேண்டும்.

"சீக்கிரம்," என்றார்.

ஸ்டவ் பிடிக்கும்போது கறுப்பாகப் புகைந்தது. பால் காய்வதற்குள் காற்று திரும்பிவிட்டது. தகரக் கூரையில் மழை பிடிக்கிறதுபோல முதலில் சத்தம்தான் வந்தது. வெயில் மங்கியது.

"கம்பளி!" என்று சேஷகிரி கத்தினார்.

சிரில் போர்த்திக்கொண்டு விழுந்தான். சேஷகிரியும் விழுந்தார். இடுக்கு வழியே பார்த்தபோது சந்தானம் நின்றுகொண்டிருந்தார், காலிப் பையைத் தலைமேல் பிடித்தபடி. டிக்கெட்டைத் தொலைத்தவன் முகம். ஸ்டவ்வுக்கு இடம் வேண்டுமென்று கம்பளியை வீட்டிலேயே வைத்துவிட்டு வந்திருந்தார்.

சேஷகிரி எழுந்தார். ஓடிப்போய் அவரைக் கீழே தள்ளி, தன் கம்பளியில் பாதியை அவர்மேல் இழுத்தார். ஒரு கம்பளி இரண்டு ஆளுக்குப் போதாது. தன் முதுகைத் திறந்துவிட்டு, அவர் பக்கம் முழுக்க மூடினார். முதுகு நெருப்பாக எரிந்தது.

"மூச்சு... ஓய், மூச்சு..." என்றார் சந்தானம். அப்புறம் பேசவில்லை.

இரைச்சல் அடங்கிய பிறகு சிரில் கம்பளியைத் தூக்கினான். சந்தானத்தின் முகம் அடையாளம் தெரியாமல் வீங்கியிருந்தது. தேடிப் பார்த்தால் கழுத்தில் ஒன்று, காதுக்குப் பின்னால் ஒன்று, கையில் ஒன்றிரண்டு, அவ்வளவுதான் கொடுக்குகள். சேஷகிரியின் முதுகில் எண்ண முடியாது. ஆடு மேய்க்கிறவர்களைக் கூட்டிவந்து, கம்பளியில் கட்டித்தான் சந்தானத்தை இறக்கினார்கள். லாரியில் வரும்போது சிரில் சேஷகிரியின் சட்டையைத் தூக்கி, நகத்தால் கொடுக்குகளைச் சுரண்டி எடுத்துக்கொண்டே வந்தான். இவ்வளவு பட்டவர் உட்கார்ந்திருக்கிறார், சந்தானம் எப்படிப் போனார் என்று இருவரும் கேட்டுக்கொள்ளவில்லை.

காரியமெல்லாம் முடிந்த பிறகு சேஷகிரி சந்தானத்தின் வீட்டுக்குப் போனார். ஸ்டவ் பற்றவைக்க நான்தான் சரி என்றேன் என்று சொல்லிவிடுவது என்றுதான் போனார். அதற்குள் அலர்மேல்மங்கை பேசினாள். அழவில்லை.

"ஒரு கொட்டுன்னாலே அவருக்கு ஆகாதே. சின்ன வயசிலே குளவி கொட்டி நினைவில்லாம கிடந்தாராம். கல்யாணமான புதுசிலே இன்னொரு தரம், நானே பார்த்தேன், பிழைச்சதே பெரிசு. அதனாலதான் மலையெல்லாம் வேண்டாம்னு சண்டை போட்டேன். 'சேஷகிரிகிட்ட எல்லாம் சொல்லியிருக்கேன், அதுக்கு மருந்து அவர் பையிலே எப்பவும் இருக்கு'ன்னார். அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் ஒவ்வொரு தடவையும் அனுப்பினேன்."

அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"அந்த மருந்தைக் குடுத்துமா கேக்கலை?"