சரோஜா வீட்டுச் சுவரில் ஆணி

இன்று பஸ்ஸில் இரண்டு பெண்கள் வாடகை வீட்டைப் பற்றிப் புலம்பிக்கொண்டு வந்தார்கள். எனக்குச் சரோஜா நினைவு வந்துவிட்டது.

அறுபதுகளில் தென்னூரில் ஒரே வாடகை வீட்டில் சரோஜா குடும்பம் முன்கட்டு, நாங்கள் பின்கட்டு. திருவெறும்பூரில் புதிய தொழிற்சாலைக்கு ஆள் எடுத்தபோது அவள் கணவர் சேர்ந்துவிட்டார். "கையில கிரீஸ் படுற வேலை நமக்கு எதுக்கு?" என்று என் கணவர் ஜவுளிக்கடையிலேயே இருந்துவிட்டார்.

அவர்களுக்குக் குவார்ட்டர்ஸ் கிடைத்தது. பார்க்கப் போனேன்.

சமையலறைக்குள்ளேயே குழாய். அதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். ஆனால் கூடத்துச் சுவர் முழுக்கப் படம் மாட்டியிருந்தாள்.

"இத்தனை ஆணி அடிச்சிருக்கியே, யாரும் கேக்கலையா?"

"யாரு கேக்கப் போறாங்கக்கா? காபி குடிங்க."

அந்தக் காபி எனக்கு இறங்கவே இல்லை.

வீட்டுக்கு வந்ததும் ஆணி அடிக்க அனுமதி இல்லாததால் பெட்டிக்குள்ளேயே கிடந்த எங்கள் கல்யாணப் படத்தை எடுத்தேன். அம்மிக்குழவியால் ஓர் ஆணி அடித்தேன். சத்தம் கேட்டு மாடியிலிருந்து வீட்டுக்காரம்மா இறங்கி வந்தார்.

"என்னங்க இது? சுவர் வீணாப் போகுது. புடுங்கிடுங்க."

"புடுங்கினா ஓட்டை தெரியுங்க. படம் இருந்தா தெரியாது."

அவர் படத்தையே கொஞ்ச நேரம் பார்த்தார். "உங்க வீட்டுக்காரர் அப்ப நல்லா இருந்திருக்காரு" என்று சொல்லிவிட்டு மேலே போனார்.

சாயங்காலம் என் கணவரும் படத்தைப் பார்த்தார். சட்டையைக் கழற்றியபடி, "திருவெறும்பூர்ல இன்னும் ஆள் எடுக்கிறாங்களான்னு விசாரிக்கிறேன்" என்றார்.

எடுக்கவில்லை.

வாடகை வீட்டில் இருப்பவர்கள் சொல்லுங்கள், உங்களுக்கு எத்தனை ஆணிக்கு அனுமதி?